காதோரப் பஞ்சு

பிள்ளைகளா, டிவி செய்தியில் மூலையில் நின்று கையால் பேசுகிற அம்மாவைப் பார்த்துவிட்டு, "கை பாஷை எல்லா ஊருக்கும் ஒண்ணுதானப்பா?" என்று கேட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் இருந்தோம். என் அத்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கையால்தான் பேசுவோம். மூக்குத்தி இடத்தைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் அப்பா. வாய் நிறையச் சோறு இருந்தாலும் அந்தப் பேச்சு நிற்காது. கரண்ட் போனால் நின்றுவிடும்.

அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டார் தகவலே சொல்லவில்லை. மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஞ்சு மில் தொழிலாளி.

"மிஷின் சத்தத்துல அங்க எல்லாரும் கையாலதான் பேசிக்கிடுவாவ. பையனுக்கு அந்தப் பாஷை அத்துபடி" என்றார் தரகர்.

மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து நேராகத் தன் அம்மாவோடு வந்திருந்தார். காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது. காபி கொண்டுவந்த அத்தை, அவரைப் பார்த்து மீசையை முறுக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். உங்கள் அப்பா வரவில்லையா என்று கேட்கிறார். மாப்பிள்ளையோ விருட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தார்.

இவரும் கிளம்புகிறார் என்று நினைத்த அத்தை, தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"ஐயோ, தப்பா நினைக்காதீய. மில்லுல மீசைய முறுக்குனா மேஸ்திரி வாராருன்னு அர்த்தம்!" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் அடுப்படி வாசலில் போய் நின்று, மிஷின் ஓடுவதையும், ஆட்கள் அரட்டையடிப்பதையும், மீசை வந்ததும் பதறி வேலை பார்ப்பதையும் நடித்துக் காட்டினார். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு.

"பொண்ணுக்குச் சம்மதமான்னு கேளுங்க மதினி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா கையால் கேட்டார். அத்தை, தன் காதோரத்தில் இல்லாத பஞ்சை விரலால் எடுப்பதுபோல் காட்டிவிட்டுத் தலையாட்டினார்.

"என்னலே சொல்லுதா?" என்றார் அம்மா என்னிடம்.

"மாப்பிள்ளை காதுல பஞ்சு இருக்காம்."

"கல்யாணத்தக் கேட்டா பஞ்சச் சொல்லுதாளே!"

மாப்பிள்ளை காதைத் துடைக்கவில்லை. அதேபோல் காதோரம் எடுத்துக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். ஆவணியில் கல்யாணம்.

அந்தப் பஞ்சுச் சைகை அத்தை மாமாவுக்கு வைத்த பெயர் என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. புருஷன் பேரைப் பெண்கள் வாயால் சொல்லாத அந்தக் காலத்தில், அத்தை மட்டும் ஊரறிய மாமாவைப் பேர் வைத்தே கூப்பிட்டிருக்கிறார்.

என்னைக் கூப்பிடும்போது அத்தை எப்போதும் தன் இடது புருவத்தைத் தொடுவார். சின்ன வயதில் விழுந்து என் புருவத்தில் விழுந்த தழும்பை விசாரிக்கிறார் என்று நினைத்து, வலிக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தலையாட்டியிருக்கிறேன்.

புரிந்த அன்று, வீட்டில் யாரும் இல்லாத நேரம் கண்ணாடி முன் நின்றேன். புருவத்தைத் தொட்டு, என்னை நானே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.