வசந்த் மூழ்கிய கணக்கு

பாக்யலட்சுமி எதையும் மறக்கிறவள் இல்லை. ஆம்பூரை ஒட்டியிருக்கும் எங்கள் ஷூ கம்பெனியில் அவள் தையல் மிஷினுக்கு அடுத்த மிஷின் என்னுடையது. பல வருஷமாக அவளோடு ஒரே பெஞ்சில் டிபன் பாக்ஸ் திறந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். யாராவது அவமானப்படுத்தினால் அவள் அழமாட்டாள், சண்டைக்கும் போகமாட்டாள். பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள். எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். மன்னிப்பதுதான் பெரிய குணம் என்கிறவர்கள் எங்கள் லைனில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவள் பி.காம். படித்தவள். எம்.பி.ஏ. சேர நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன் என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். காலையும் மாலையும் கம்பெனி பஸ்ஸில் படிப்பாள். லைனுக்குள் போனும் கூடாது, புத்தகமும் கூடாது. அதனால் சில்வர் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். தையல் எங்கே ஓட வேண்டும் என்று தோலில் கோடு போடுகிற பேனா அது, துடைத்தால் போய்விடும். கழிவுத் தோல் துண்டில் ஒரு கணக்கை எழுதிப் போட்டுப் பார்ப்பாள், துடைப்பாள், அடுத்ததை எழுதுவாள். ஒரு நாள் அவசரத்தில், ஷூவுக்குப் போக வேண்டிய நல்ல துண்டிலேயே ரயில் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டாள். துடைப்பதற்குள் அது வசந்த் கையில் மாட்டியது.

வசந்த் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். நேரில் சார். எழுதும்போது எனக்கு அவ்வளவு மரியாதை வராது. தப்பு செய்தவர்களும் லீவு போட்டவர்களும் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வந்து நின்று காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தவன் அவன். வயிற்றுவலி என்றால் எந்த மாதிரி வயிற்றுவலி என்று ஆம்பளைகள் முன்னாலேயே கேட்பான். அப்படி நின்று சொன்ன எந்தப் பெண்ணும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட்டதில்லை.

மறுநாள் பாக்யாவை நிறுத்தினான். அந்தத் துண்டை ஊக்கு வைத்து அவள் தோளில் குத்தச் சொன்னான்.

"இன்னாம்மா இது? ரயில் எப்போ வரும்னு கணக்கா? ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல போய்க் கேட்டா அவனே சொல்லிட்டுப் போறான்!"

லைனில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

"எம்.பி.ஏ. என்ட்ரன்ஸுக்குப் படிக்கிறேன் சார்."

"படி படி. படிச்சுட்டு வந்து என் சேர்லயே உக்காரு. அதுவரைக்கும் தைக்கிற வேலயப் பாரு."

சாயங்காலம் வரை அந்தத் துண்டு அவள் தோளில் இருந்தது. கழற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறியபின் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் படித்த படிப்பே வேறு. எல்லாக் கணக்கிலும் வசந்த் வந்துவிட்டான்.

"பில்கிஸக்கா, கேளு. தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டி ஒண்ணு. ஒரு குழாய் மட்டும் தொறந்தா ஆறு மணி நேரத்துல ரொம்பும். இன்னொரு குழாய்னா மூணு மணி நேரம். வசந்த் உள்ள நிக்கிறான். ரெண்டையும் தொறந்துட்டா எவ்ளோ நேரத்துல மூழ்குவான்?"

"நீயே சொல்லுடி."

"ரெண்டு மணி நேரம்."

"அவ்ளோ நேரமா? பெரிய குழாயா போடக் கூடாதா?"

அந்தக் கணக்கு லைன் முழுக்கப் பரவியது. அன்று சிரித்தவர்கள்கூட டீ குடிக்கும்போது "தொட்டி ரொம்பிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வசந்துக்கு ஒன்றும் புரியாது. தண்ணீர் டேங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, வேலூரில். ஒரு வாரம் முன்னாலேயே லீவு கேட்டாள்.

"ஷிப்மென்ட் இருக்கு. சனிக்கிழம யாருக்கும் லீவு இல்ல. நானே காலைலேர்ந்து இங்கதான் நிக்கப் போறேன்," என்றான் வசந்த். "வரலன்னா திங்கக்கிழம கேட்டுக்குள்ள கால் வைக்காத."

வேலையா, தேர்வா? வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். தேர்வை விட்டால் இன்னும் ஒரு வருஷம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தைக்க வேண்டும். அவள் வேலூர் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று லைனில் வசந்தும் இல்லை. மாமியாரை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், சீரியஸாம் என்று ஆபீசிலிருந்து சேதி வந்தது. மாமியார் என்ன பாவம் செய்தார் என்று நான் மதிய லுஹர் தொழுகையில் அந்த அம்மாவுக்காக துவாவும் கேட்டேன். என் துவாவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பாக்யா என் காதோடு சொன்னாள். தேர்வு ஹாலில் அவளுக்கு முன் பெஞ்சில் ஒரு பிடரி. எங்கேயோ பார்த்த பிடரியாக இருக்கிறதே என்று அவள் யோசிக்கும்போதே ஹாலில் இருந்த மேடம் சொல்லியிருக்கிறார், கறுப்புப் பேனாவில்தான் வட்டத்தை நிரப்ப வேண்டும், நீலம் செல்லாது என்று. முன் பெஞ்சுக்காரனிடம் இருந்தது நீலம். "எக்ஸ்ட்ரா பேனா இருக்கா?" என்று திரும்பினான். வசந்த்! தனக்கு எம்.பி.ஏ. வேண்டும் என்று, வீட்டு ஆளைச் சாகக் கிடக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"நீ இன்னா பண்ண?"

"குடுத்தேன்."

"பைத்தியமாடி உனக்கு? அவன் நீலத்துலயே எழுதித் தொலையட்டும்னு உட வேண்டியதுதான?"

"குடுத்தாத்தான்க்கா திருப்பிக் கேக்க முடியும்."

அவள் தேறி எம்.பி.ஏ. சேர்ந்ததெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

கேட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மீட்டிங்குக்கு ஜெனரல் மேனேஜர் முனீர் அகமது வந்திருந்தார். ஷிப்மென்ட் நேரத்துக்குக் கிளம்பியதற்கு எல்லோருக்கும் நன்றி சொன்னார். அவர் முடித்ததும், யாரும் கூப்பிடாமலேயே பாக்யா முன்னால் போய் நின்றாள். பழைய தோல் துண்டைத் தோளில் குத்தியிருந்தாள்.

"பரவால்ல, போம்மா, மிஷினுக்குப் போ," என்றான் வசந்த்.

"இல்ல சார். லீவு போட்டா எல்லார் முன்னாடியும் காரணம் சொல்லணும்ல. நீங்க வெச்ச ரூல்தான?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"இன்னா காரணம்மா?" என்று முனீர் அகமது கேட்டார்.

"வேலூர்ல எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ் எழுதப் போனேன் சார். வசந்த் சாருக்குத் தெரியும். எனக்கு முன் பெஞ்ச்சுலதான் உக்காந்து எழுதினாரு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு இரண்டு நாள் தாங்கவில்லை. முனீர் அகமது கோபப்படவே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"வசந்த், மாமியாருக்கு இப்ப எப்டி இருக்கு?"

காரணம் சொல்லத் தெரியாமல் எல்லோர் முன்னாலும் அவன் நின்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

பாக்யா கையை நீட்டினாள். "அப்டியே என் பேனாவக் குடுத்துட்டீங்கன்னா நான் போய் வேலயப் பாப்பேன் சார்."

அது அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தான்.

அவள் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நான் குனிந்து, "தொட்டி ரொம்பிடுச்சாடி?" என்று கேட்டேன்.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இது ஒரு குழாய்தான்க்கா. ரிசல்ட் வரட்டும், இன்னொண்ணத் தொறக்கறேன்."