கவிழ்த்த பலகை

ஒச்சம்மாளின் கைகள் அன்று காலையும் நிற்கவில்லை. ஈரச் சாக்கில் பதமாகக் கிடந்த புகையிலையை எடுத்து நடு நரம்பைக் கிழித்துப் போட்டாள். தூளை உள்ளே வைத்து மடிமேல் வைத்த பலகையில் உருட்டினாள். நுனியில் பசை தொட்டு ஒட்டி, கத்தியால் ஓரத்தை நறுக்கி, சுருட்டைத் தட்டில் அடுக்கினாள். கை பழகிய வேலை, அது பாட்டுக்கு நடந்தது. வாசல் பக்கம் மட்டும் அவள் பார்க்கவில்லை. வாசலில் சர்க்கார் ஜீப் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் நானும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம் அது. திண்டுக்கல்லில் நகராட்சிப் பிரசவ விடுதியில் நான் நர்ஸ். பிள்ளை பெற்றுப் போனவளை வீட்டில் போய்ப் பார்ப்பதும் என் வேலைதான். ஒச்சம்மாளைப் பார்க்கப் போனபோது வீட்டில் அவள் புருஷன் முத்துச்சாமி மட்டும் இருந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் இரண்டும் புண்ணாகி, வேலையை விட்டவன். "அவ கம்பெனிக்குப் போயிருச்சு நர்சம்மா" என்றான். பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தையல் போட்ட உடம்பு. சுருட்டுக் கொட்டகையில் போய்ப் பார்த்தால் புடவையில் ரத்தம். பிள்ளை பின்பக்கத் தாழ்வாரத்தில், புகையிலை நெடியில், துணித்தொட்டிலில் தும்மிக்கொண்டு கிடந்தது.

பிரசவித்த பெண்ணை நாலு வாரத்துக்கு வேலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் தொழிலாளிக்குத்தான். சுருட்டுக் கம்பெனி மேஸ்திரி பொன்னுத்துரை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவுக யாரும் எங்க தொழிலாளி இல்லீங்கம்மா. பலகை அவுகளுது, கத்தி அவுகளுது. இஷ்டப்பட்டா வருவாக, இஷ்டப்பட்டா போவாக. சுத்துன சுருட்டுக்குத்தேன் கூலி. சந்தையில காய் வாங்குற மாதிரி." நான் அவரோடு வாதாடவில்லை. தொழிற்சங்கத்துக்காரரிடம் சொன்னேன். அவர் மனு எழுதி ஒச்சம்மாளிடம் கைநாட்டு வாங்கித் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார்.

கைநாட்டு வைத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் பலகை. அந்தக் கொட்டகையில் யாரையும் வாய்விட்டு வேலையிலிருந்து நிறுத்துவதில்லை. சொல்லாமல் எழுந்து போனவளின் பலகை மறுநாள் காலையில் கவிழ்ந்து கிடக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே போய்விட வேண்டும். சேவுகம்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் வேறு பிழைப்புத் தெரியாது. வீட்டில் அவள் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வருவது மேஸ்திரிக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பெண்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். முதலாளி பழனிக்குப் போய்விட்டாராம்.

இன்ஸ்பெக்டர் ஒச்சம்மாளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "காலையில எப்ப வரணும்மா?"

"எங்க இஷ்டங்க." சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள்.

"எப்ப போகலாம்?"

"அதுவும் இஷ்டங்க."

"பலகை யாருது?"

"என்னுதுங்க."

மேஸ்திரி வெற்றிலையை மென்றபடி தூணில் சாய்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார். அவள் வாயாலேயே அவளைத் தொழிலாளி இல்லை என்று ஆக்கியாயிற்று.

அப்போது பிள்ளை அழுதது.

ஒச்சம்மாள் எழவில்லை. ரவிக்கை நனைந்து பால் வடிந்தது. கத்தியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கண் மட்டும் மேஸ்திரியிடம் போயிற்று. அவர் தலையாட்டினால் உத்தரவு கொடுக்கிறவர் அவர்தான் என்று ஆகிவிடும். ஆகவே கூரையைப் பார்த்தார். பிள்ளை வீறிட்டது. மற்ற பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. தொட்டிலுக்கு ஓட நான் காலெடுத்தேன். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார்.

"அண்ணே," என்றாள் ஒச்சம்மாள். உதடு வெளுத்திருந்தது. "செத்த நேரம் பாலு குடுத்துட்டு வரட்டாண்ணே?"

மேஸ்திரி வெற்றிலையைத் துப்ப வெளிப்பக்கம் திரும்பினார்.

"இஷ்டப்படி போகலாம்னியேம்மா, அவர ஏன் கேக்குற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேக்காமப் போனா பலகையக் கவுத்துருவாருங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த பலகைக்காரி அய்யம்மாள், வாய்த் துடுக்கானவள், தலை நிமிராமலே சொன்னாள்: "எங்க இஷ்டந்தேன் அய்யா. ஒண்ணுக்குப் போகணும்னாலும் மேஸ்திரி அண்ணன் உத்தரவு குடுத்த பெறகுதேன் எங்களுக்கு இஷ்டம் வரும்."

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கினாள். அதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிவந்து ஒச்சம்மாளிடம் கொடுத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். "பலகை யாருதா இருந்தா என்ன? எந்திரிக்க உத்தரவு கேக்குறவ தொழிலாளிதான்" என்று மேஸ்திரியிடம் சொன்னார். "நாளைக்கும் ஊர்லதான் இருப்பேன். முதலாளிய வரச் சொல்லுங்க."

சாயங்காலம் ஒச்சம்மாள் பிள்ளையோடு விடுதிக்கு வந்தாள். பல் தந்தியடித்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பயம்தான்.

"பாலு வத்திப்போச்சு நர்சம்மா. நாளைக்குப் பலகை கவுந்துருக்கும். நான் வாயத் தொறந்துருக்கக் கூடாது."

"வத்தவெல்லாம் இல்ல. கஞ்சியக் குடி. பிள்ளைய மாரோட போடு. இனிமேலாவது நாலு வாரம் வீட்ல கிட."

"நாலு வாரம் கழிச்சு எடம் இருக்குமா?"

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை. காலையில் கூட வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். பலகை கவிழ்ந்து கிடந்தது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி எங்களைப் பார்க்காதவர் போலச் சுருட்டுக் கட்டுகளை எண்ணினார்.

அய்யம்மாள்தான் குரல் கொடுத்தாள். "ஏண்ணே, தொழிலாளியே இல்லாதவ பலகைய எதுக்குக் கவுத்தீக? இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா எலி கவுத்துச்சுன்னு சொல்லவா?"

மேஸ்திரி எண்ணுவதை நிறுத்தினார். ஜீப் வருகிறதா என்று தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தன் கையாலேயே பலகையை நிமிர்த்தி வைத்தார்.

ஒச்சம்மாள் எழுந்து போனாள். முகம் இன்னும் தெளியவில்லை. நிமிர்த்தியவர் நாளைக்கு மறுபடி கவிழ்க்க மாட்டாரா? அவளுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. பலகையைத் தூக்கினாள். தரையைப் பார்த்தபடியே, "நாலு வாரம் கழிச்சு வாரேண்ணே" என்றாள். காலியான இடத்தை வேறு யாரும் பிடிக்காதபடி அய்யம்மாள் தன் தண்ணீர்ச் செம்பை அங்கே நகர்த்தி வைத்தாள். மேஸ்திரி அதையும் பார்த்துவிட்டு மறுபடி கட்டுகளை எண்ணப் போனார்.

வீடுவரை பலகையை நான்தான் சுமந்தேன். பச்சை உடம்புக்காரி பாரம் தூக்கக் கூடாது.