அணையா விளக்கும் குளியலறை விசிறியும்

பெவர்லி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் கால் நூற்றாண்டாகச் சர்க்யூட் பலகைகளைச் சோதிப்பவள். விரல்நகமளவு பலகையில் எந்த இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். டத்தோ கெராமட்டில் தான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கணவன் பேட்ரிக்குக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. சன்னலில்லாத குளியலறையின் கூரையெங்கும் பூஞ்சை கறுத்துப் படர்ந்திருந்தது. குளித்து வந்தாலே அவன் நெஞ்சு விசிலடிக்கும். ஈரத்தை வெளியேற்றாவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே பெவர்லி, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வாங்கிவந்து, வயரிங் வேலை செய்யும் இப்ராஹிமை அழைத்தாள்.

அவர் ஏணியிலேறி, குளியலறை விளக்கின் மூடியைக் கழற்றி, மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் டெஸ்ட் பேனாவை வைத்தார்.

"அக்கா, சுவிட்ச அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு லா."

"அப்புறம் ஏன் இதுல கரண்ட் ஓடுது?"

தேடிப் பார்த்ததில் விவரம் வெளிப்பட்டது. சுவிட்சுக்குக் கட்டுப்படாத ஒரு கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், இயேசுவின் திரு இருதயப் படத்தடியில் எரியும் சிவப்பு விளக்கில் முடிந்தது. மாமனார் பாக்கியசாமி கைப்பட இழுத்த கம்பி. பேட்ரிக் கைக்குழந்தையாய் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அணையா விளக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டவர் அவர். அது எந்த மாதம் என்பதில் வீட்டாருக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. யாரும் தவறிக்கூட அணைத்துவிடக் கூடாதென்று விளக்குக்கு அவர் சுவிட்சே வைக்கவில்லை என்பதில் வேறுபாடு இல்லை.

"கம்பி மேல இருக்குற ரப்பர் தொட்டாலே உதிருது. எர்த்தும் இல்ல. இதுல விசிறிய மாட்டுனா தீப்பிடிச்சிரும். எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா இழுக்கணும். மெயின் சுவிட்ச அடைங்க" என்றார் இப்ராஹிம்.

"மெயினா?" கூடத்திலிருந்து அமலம்மாள் எழுந்து வந்தாள். பேட்ரிக்கின் அக்காள், மணம் செய்துகொள்ளாமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். தகப்பனாருக்குப் பின் அந்த விளக்குக்கு அவள்தான் காவல். "அடைச்சா விளக்கு அணஞ்சிரும். அது அப்பாவோட நேர்ச்ச."

"போன மாசம் கரண்ட் போச்சே அக்கா, அப்ப அணையலயா?" என்றாள் பெவர்லி.

"அது கரண்ட்காரன் செஞ்சது. நம்ம கையால செய்யக்கூடாது."

"அப்ப இந்த வயரிங் தம்பி கையால அடைக்கட்டும்."

"என்னை ஏன்க்கா இழுக்கிறீங்க? நாளைக்கு அண்ணனுக்கு ஒண்ணுன்னா என் தலையில விழும்." இப்ராஹிம் ஏணியை மடக்கினார். "நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

விசிறி பெட்டியோடு சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. பெவர்லி கெஞ்சினாள், கத்தினாள், கோயில் ஃபாதரிடம் முறையிடப் போவதாக மிரட்டினாள். அமலம்மாள் அசையவில்லை.

"நீங்களாவது வாயத் திறங்களேன்!" என்று கணவன்மேல் பாய்ந்தாள்.

"என்னத்தச் சொல்றது பெவர்லி? ரெண்டு பேரும் எனக்காகத்தானே சண்ட போடுறீங்க" என்றான் அவன்.

மறுவாரம், குளித்துவிட்டு வெளியே வந்த பேட்ரிக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. பெவர்லி இன்ஹேலரை வாயில் வைக்க, அமலம்மாள் முதுகைத் தடவினாள். மூச்சு சீரான பிறகும் அமலம்மாளின் கை நிற்கவில்லை. அவன் நெஞ்சில், தொட்டிலருகே நின்று சிறுமியாய் அவள் கேட்ட அதே சீழ்க்கை ஒலி.

"அந்த வயரிங் தம்பிய வரச்சொல்லு" என்றாள்.

இப்ராஹிம் வந்ததும் அமலம்மாள் படத்தின் முன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். சுடர் நிலைத்து எரிவதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியிலேறி, மெயினைத் தன் கையாலேயே அடைத்தாள்.

பெவர்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மெழுகுவர்த்தி போதும்னா இத அன்னைக்கே செஞ்சிருக்கலாமே அக்கா!"

"அன்னைக்கு நீ விளக்க அணைக்கணும்னுதானே நின்ன? வேற ஒண்ணு ஏத்தலாமான்னு கேட்டியா?"

பெவர்லி விசிறிப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

மாலைக்குள் குளியலறைக்கும் விளக்குக்கும் தனித்தனிக் கம்பிகள் ஓடின. விளக்குக்குச் சுவிட்ச் வைத்தே தீரவேண்டும் என்று இப்ராஹிம் விடாப்பிடியாக நின்றார். அமலம்மாளும் ஒத்துக்கொண்டாள், அவர் போனதும் யாரும் அணைக்க முடியாதபடி அதன்மேல் டேப்பை ஒட்டிவிட்டாள்.

அடுத்த நாள் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெவர்லிக்கு வாசலிலேயே விசிறியின் இரைச்சல் கேட்டது. குளியலறையில் ஆளில்லை. அடைக்கப் போனால், விசிறியின் சுவிட்சின்மேலும் அதே டேப், குறுக்கும் நெடுக்குமாக.

"அக்கா! இது எதுக்கு?"

அமலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ரெண்டும் அவன் நெஞ்சுக்குத்தானே ஓடுது. அதுல எத அடைக்கச் சொல்ற?"