பஞ்சுநூல் என்ற ஒரு சொல்

கோவைக்குப் போகிற வழியில் திருப்பூரில் இறங்குகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் என் சித்தி மகள் எஸ்தர், "அண்ணே, நீங்க எபிரேயம் படிச்சவருதானே, உடனே வாங்க" என்று போனில் கூப்பிட்டிருக்கிறாள்.

மேசை மேல் குழந்தைகளுக்கான ஸ்வெட்டர்கள் குவிந்திருக்கின்றன. கம்பளியும் பருத்தியும் கலந்தவை. வெளிநாட்டில் ஒரு யூதர் கடைக்குப் போக வேண்டியவை. சாயங்காலம் லாரி வந்துவிடும். எஸ்தரோ பேக்கிங்கை நிறுத்திவிட்டாள். அவளுடைய தமிழ் வேதாகமத்தில், மோசேயின் சட்டத்தில், ஆட்டுமயிரோடு பஞ்சுநூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்றிருக்கிறது.

"அவங்க வேதத்துக்கு விரோதமா நான் எப்படிண்ணே பாஸ் பண்ணுவேன்?"

முதலாளி வியர்வையைத் துடைத்தபடி நிற்கிறார். நான் போனில் எபிரேய மூலத்தைத் திறக்கிறேன். நல்லவேளை, அங்கே இருப்பது 'பிஷ்தீம்' என்ற சொல். ஆளிச்செடியின் நாரில் நூற்கும் லினன் அது. பருத்திக்குச் சம்பந்தமே இல்லை. தமிழில் பெயர்த்தவர் இந்த ஊருக்குத் தெரிந்த நூலைப் போட்டுவிட்டார்.

"ஏனுங்க, அப்ப பஞ்சுக்குத் தடை இல்லீங்களா?" என்கிறார் முதலாளி.

"இல்லைங்க. கம்பளியோட பருத்தி சேர்ந்தா அவங்க தாராளமா போடுவாங்க."

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்கிறார். "ஊரையே இழுத்து மூடோணுமோன்னு பயந்துட்டனுங்க."

எஸ்தர் சிரிக்கவில்லை. பழுதான துணியில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, தன் வேதாகமத்தில் 'பஞ்சுநூல்' என்ற சொல்லுக்கு நேராக ஒட்டுகிறாள். அப்புறம்தான் திரும்பி, "பேக் பண்ணுங்க" என்கிறாள்.