நான்கு துறைமுகங்களில் சொன்ன சொல்

காலை 7.20க்குத் தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்து ஏறினேன். கப்பலில் வேலை செய்யும் நம்மவர்கள் ஐரோப்பிய மருத்துவர்களிடம் பேச ஒரு கையேடு தயாரிக்கிறேன். அதில் 'பலவீனம்' என்ற பக்கம் ஒரு வாரமாக என்னைப் பாடாய்ப் படுத்தியது. அகராதி போதவில்லை, அந்தச் சொற்களை வாயால் சொன்ன ஆள் வேண்டும். புன்னைக்காயலில் சூசை என்றொரு கப்பல் சமையல்காரர் இருப்பதாகச் சொன்னார்கள்.

முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள். அந்த நேரத்திலேயே கண் கூசியது. 8.15க்கு ஆத்தூரில் இறங்கினேன். மிச்சம் ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். அநியாயம் என்றேன்.

"திரும்பி வார ஆளு கெடைக்காது அண்ணாச்சி. சும்மாதான் வரணும்" என்றார். எரிச்சலோடு ஒத்துக்கொண்டேன்.

9 மணிக்குச் சூசை வீடு. கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அவர் மனைவி ரீத்தா துணிகளுக்கு நடுவே ஊறுகாய் பாட்டிலைப் பொதிந்துகொண்டிருந்தார்.

"திங்கக்கிழம டாக்டர் டெஸ்டு. முடிஞ்ச கையோட கப்பலேறுதாக" என்றார் ரீத்தா. டீ போட உள்ளே போனார்.

நான் நோட்டைத் திறந்து, பலவீனத்துக்கு அந்த ஊர்களில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். சூசை யோசிக்கவே இல்லை. ஸ்பெயினில் 'தேபில்', இத்தாலியில் 'தேபொலே', போர்ச்சுகலில் 'ஃப்ராக்கோ', பிரான்சில் 'ஃபேப்ல்' என்று ஜெபம் மாதிரி ஒப்பித்தார். எனக்கு ஒரே குஷி. எல்லாமே லத்தீன் வழி வந்தவை என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டும் ஒரே வேர். போர்ச்சுகீசியச் சொல்லுக்குத் தொய்ந்து போனது என்று பொருள். பிரெஞ்சுச் சொல்லின் வேர் அழுகை, அழத்தக்க நிலையில் இருப்பது. அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சமையல்காரருக்கு உப்பு, வெங்காயம்தானே முதலில் வரும்? இது எப்படி நாலு மொழியிலும்?" என்று கேட்டேன்.

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருசமா கப்பல் படி ஏறுனா மூச்சு முட்டுது. எறங்குன ஊர்லல்லாம் டாக்டர்ட்ட சொன்னேன். இனிமே ஏறாதன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. இவகிட்ட சொல்லல. சொன்னா விடமாட்டா."

"திங்கட்கிழமை டெஸ்ட்?"

"ஒரு மணி நேரந்தான? சமாளிச்சிருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி. வேர்ச்சொல் பேசிக் குஷிப்பட்ட என் மேல் பாதி. அதற்குள் ரீத்தா டீயோடு வந்துவிட்டார். நோட்டில் நான்கு வரிகள், கீழே தமிழுக்கு விட்ட வெற்றிடம்.

"இதெல்லாம் என்ன சார்?"

"அவரே சொல்லட்டும்" என்றேன்.

சூசை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்தது.

"ஏளா, எனக்கு முடியல" என்றார். பிறகு படி, மூச்சு, டாக்டர்கள் எல்லாவற்றையும் சொன்னார்.

கடைசியில் ரீத்தா கேட்டார்: "எத்தன ஊர்ல சொன்னீங்க?"

"நாலு."

"நான் அஞ்சாவதா?"

சூசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரீத்தா பெட்டியிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார். அப்புறம் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டோக்காரர் சொன்னது சரிதான், திரும்பிப் போக வேறு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. 11.30 பேருந்துக்குக் கோயில் சுவரோரம் காத்திருந்தேன். 'பலவீனம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'எனக்கு முடியல' என்று எழுதினேன். கடைசியில் வரவேண்டிய தமிழ் வரி அப்படிப் பக்கத்தின் முதல் வரியானது.