மேடை ஏறாத செருப்பு

கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகச் செருப்புத் தைத்து, என் கடையிலேயே விற்கிறேன். அதற்காக வணிகர் சங்கம் என்னைப் பாராட்ட அழைத்தது. சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்க, நானே தைத்த ஒரு ஜோடியைப் புதுப் பெட்டியில் எடுத்துப் போனேன்.

மேடைப் படியில் சங்கச் செயலாளர் பெட்டியைத் திறந்து பார்த்து, உடனே மூடினார்.

“அண்ணே, மேல குத்துவிளக்கு எரியுது. இதைக் கீழேயே வச்சிட்டு வாங்க.”

“இன்னும் யார் காலும் படலைங்க. இதுக்காகத்தானே கூப்பிட்டீங்க?”

“உங்களைத்தாண்ணே கூப்பிட்டோம். செருப்பையா கூப்பிட்டோம்?” என்று சிரித்தார்.

மற்றவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே பெட்டியை வைத்துவிட்டு ஏறினேன். மைக்கில் என் தொழிலைப் புகழ்ந்து சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் முடியும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும், எல்லோரும் பார்க்க, செருப்பை வெளியே எடுத்து அந்தச் சால்வையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சால்வை இன்னும் அந்த ஜோடியைத்தான் போர்த்தியிருக்கிறது. என் தோளுக்கு அது வேண்டாம்.