காசில்லாமல் வந்த முகங்கள்

"காதக் காட்டுங்க. ரெண்டு காதும். முடிய ஒதுக்குங்கம்மா, அப்புறம் அவங்க திருப்பி அனுப்பிட்டா என்னையத் திட்டக் கூடாது." ஸ்டூலைத் திருகி உயர்த்திக்கொண்டே சொல்கிறார். உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்குச் சிரிப்பு வருகிறது. "சிரிக்காதீங்க, கவர்மெண்டுக்குப் பிடிக்காது." கிளிக். அடுத்த ஆள். எதிரே பாஸ்போர்ட் ஆபீஸ். இந்தப் பக்கம் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டிய போட்டோக் கடை. ஒரு வெள்ளைத் திரை, ஒரு சீப்பு, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. கோட்டின் முதுகில் துணி கிளிப் போட்டு இறுக்கிவிடுவதால் ஒல்லி, குண்டு எல்லாருக்கும் அது ஒன்றேதான். தெருவே அவரைக் காதக்கா என்று கூப்பிடுகிறது. அவரும் "ஏன்?" என்று திரும்பிப் பார்க்கிறார்.

படத்தைத் திரையில் ஏற்றியதும் முதலில் காது. பிறகு தோள் நேரா, தாடையிலிருந்து உச்சிவரை அளவு சரியா என்று பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையிலேயே வைத்துப் பார்ப்பார். கண், மூக்கு, வாய் எல்லாம் அவர் கணக்கில் கிடையாது. ஆறு வருடம் அவரிடம் படம் எடுத்துக்கொண்டவன் நான். ஒருநாள் மருந்துக் கடையில் வணக்கம் சொன்னேன். யாரோ என்று விழித்தார். கோபத்தில் திரும்பினேன். "அட, வலது காது மடிஞ்ச சாரு!" என்று கூவினாரே பார்க்கலாம், கடையே என் காதைப் பார்த்தது.

சென்ற வருடம் அவருடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதோடு, யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ போட்டுக் கொடுத்திருந்த, படத்தைத் திருத்தும் அந்தப் பெரிய கம்பெனி மென்பொருளும் போயிற்று. புதிதாக வாங்கலாம் என்று கம்பெனியின் பக்கத்தை என்னைப் படிக்கச் சொன்னார். விலையைப் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன், அதேதான்.

"வருசத்துக்கா?"

"இல்லக்கா, மாசாமாசம்."

"ஒரு மாசம் கட்டலன்னா?"

"திறக்காதாம்."

என்னை முறைத்தார், விலை வைத்தவன் நான்தான் என்பது போல. "வீட்ட வாடகைக்கு எடுக்கலாம். பாத்திரத்தக்கூட எடுக்கலாம். அழிக்கிற ரப்பர வாடகைக்கு எடுக்கற கதைய இன்னிக்குத்தான் சார் கேக்கறேன். நாசமாப் போறவனுங்க."

மறுநாளே காசு கேட்காதவற்றைத் தேட ஆரம்பித்தார். ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, வீடு பார்த்து வந்தவர் மாதிரி குறிப்பு எழுதினார். ஒன்றுக்கு, "நெத்தியில கம்பெனி பேர் விழுது. வேண்டாம்." இன்னொன்றுக்கு, "ஓரத்துல விளம்பரம். பெரியவர் ஒருத்தர் உக்காந்திருக்கும்போது உள்ளாடைப் பொம்பள வந்து நின்னா. மானம் போச்சு." மூன்றாவது உலகம் முழுக்க ஆட்கள் சும்மா உழைத்துச் சேர்ந்து செய்தது. "எல்லா வசதியும் இருக்கு, உப்பு எந்த டப்பாவுலன்னுதான் தெரியல" என்று எழுதிவிட்டு, அதன் எந்தப் பட்டன் எங்கே என்று இரண்டு பக்கத்துக்குக் குறித்தும் வைத்திருந்தார்.

நாலாவதில் விழுந்துவிட்டார். இணையத்திலேயே ஓடுவது. படத்தைப் போட்டால் போதும், பின்னணியை வெளுத்து, தோளை நேராக்கி, வெளிச்சம் சரிசெய்து, அரை நிமிடத்தில் எட்டுப் படத் தாளாகக் கொடுத்துவிடும். "சமத்து சார் இது. நாம வாயத் தொறக்கறதுக்குள்ள வேலைய முடிச்சிடுது." மூன்று வாரம் அதிலேயே ஓட்டினார். கூட்டமும் கூடியது. நல்லாப் படம் எடுக்கிறாங்க என்று அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு மத்தியானம் இரண்டரை மணிக்கு, எதிர் ஆபீசிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளை எடுத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"எடுத்துக்க மாட்டேங்கறாங்கக்கா. உங்க தங்கச்சி போட்டோவக் கொண்டு வந்துட்டீங்களான்னு கேக்கறாங்க. நாலு மணிக்குள்ள வேற படம் கொண்டு வரணும். இல்லன்னா அடுத்த தேதி நாப்பது நாள் கழிச்சுத்தானாம். வேல போயிடும்க்கா."

காதக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். "காது சரியாத்தான இருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். கடவுளே! அந்தப் பெண்ணுக்குப் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்து, சின்ன வயதில் தைத்திருக்கிறார்கள். உதட்டிலிருந்து மூக்கின் இடது துளைவரை தழும்பு, மூக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்திருக்கும். படத்தில் தழும்பு இல்லை. வழுவழுவென்று முழு உதடு. மூக்கு நட்டநடுவில்.

"உதட்டப் பாருங்கக்கா!" என்று கத்திவிட்டேன்.

பார்த்தார். படத்தை, பெண்ணை, மறுபடி படத்தை. மூன்று வாரத்துப் படங்களையெல்லாம் திரையில் திறந்தார். பஸ் டிரைவரின் மாறுகண் நேராகியிருந்தது. தபால்காரரின் கன்னத்து மரு காணோம். எழுபது வயது டீச்சரம்மா நெற்றியில் ஒரு கோடு இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, அவரவர் காதுகளுக்கு நடுவில். அந்தச் சமத்து காதை மட்டும் தொடவே இல்லை.

"மூணு வாரமா நான் என்ன சார் பண்ணிட்டிருந்தேன்?" காதக்காவின் குரல் உடைந்தது. "இத்தன பேர்ல ஒருத்தராவது வந்து, இது நான் இல்லன்னு சொல்லலையே!"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "மொத நாளே பாத்தேன்க்கா. சொல்லணும்னுதான் நெனச்சேன். வீட்டுல அம்மா கையில வாங்கிப் பாத்துட்டு அழுதுட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?"

நானும் வாயை மூடிக்கொண்டிருந்தவன்தானே. என் தாடைக்குக் கீழே தொங்கும் சதை இல்லாமல் ஒரு படம் எடுத்து, நான் எழுதும் பத்திரிகைக்கே மெயிலில் அனுப்பியிருந்தேன். "இளைச்சிட்டீங்களே" என்று ஆசிரியர் கேட்டதற்கு, "நடக்கிறேன்" என்று பதில் வேறு சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

காதக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உக்காரு." காதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு படம் எடுத்தார். அந்த உப்பு டப்பா மென்பொருளைத் திறந்து, நோட்டை மடியில் விரித்து, வெட்டுகிற பட்டன் எங்கே, வெளுக்கிற பட்டன் எங்கே என்று விரல் வைத்துத் தேடினார். கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது. "இதுவும் காசில்லாததுதான்" என்று முணுமுணுத்தார். "ஆனா சொன்னத மட்டும்தான் செய்யுது." பிரிண்டர் உறுமியது. ஈரம் காயாத தாளை ஆட்டிக்கொண்டே, கடையைத் திறந்து போட்டுவிட்டு, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பின்னாலேயே நானும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இப்ப சரி" என்று ஒட்டி முத்திரை குத்தினார். நர்ஸ் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்கக் காதக்கா போனும் கையுமாக இருந்தார். "சார், உங்க மூஞ்சி தப்பாப் போயிடுச்சு, வந்து நல்லத வாங்கிக்குங்க." பழைய தாளில் இருந்த எட்டுப் படத்தையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு. ஏற்கனவே எங்காவது கொடுத்துவிட்டவர்கள் அங்கேயும் போய் மாற்றியாக வேண்டும். டீச்சரம்மா தரமாட்டேன் என்று சண்டைக்கே வந்தார். தபால்காரர் இரண்டு நாள் தெருவை மாற்றிப் போனார். நான் ஏழு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எட்டாவது எங்க?"

"தொலைஞ்சு போச்சுக்கா."

"பர்ஸத் தொறங்க சார்."

திறந்தேன். பிடுங்கி, என் கண்ணெதிரிலேயே நாலாக வெட்டிக் குப்பையில் போட்டார். அவ்வளவு கறார். பத்திரிகைக்கும் சதை தொங்குகிற படத்தையே மறுபடி அனுப்ப வைத்தார்.

நர்ஸ் கடைசியாக வந்தாள், விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது. அப்போது நான் கவுண்டரில் சாய்ந்து நின்றிருந்தேன். "அன்னைக்குத் திருப்பி அனுப்பினதும் சேத்து எல்லாம் இருக்குக்கா. அம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க" என்று ஒரு கவரை நீட்டிவிட்டு எங்கேயோ பார்த்தாள். காதக்கா படங்களை வெளியே எடுத்து, சீட்டுப் பரப்புவது போல ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். நானும் கூடவே எண்ணினேன். ஏழு. இன்னொரு தடவை எண்ணினேன். ஏழுதான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கவுண்டருக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், உயிர் போய்விட்டது.

"எட்டும் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, கத்திரியை எடுத்து அந்த ஏழு படத்தையும் வெட்ட ஆரம்பித்தார்.